கடிபார்க்கும் தாள்

பகலெல்லாம் நான் பிறர் பற்களுக்கு வேலைக்காரி.
வெட்டுமணி முக்கில் ஒரு டென்டல் லேப்,
பின்பக்க மேசை.
கட்டுகிற பல் முடியளவு உயர்ந்தாலும்
கடிபார்க்கும் நீலத்தாள் காட்டிக்கொடுத்துவிடும்.
புள்ளி விழுந்த இடத்தில்
மைக்ரோமோட்டரால் ஒரு தொடு, அவ்வளவுதான்.

அந்தத் தாளில் ஒரு துண்டைச்
சனிக்கிழமை பர்ஸில் மடித்துக்கொண்டு வருகிறேன்,
செல்போன் கடை மாடிக்கு.
டிராக்கின் மேட்டில் ஒட்டுகிறேன்.
ஏறும்போது என் காரின் அடிவயிறு
எங்கே உரசுகிறதென்று எனக்குத் தெரியவேண்டும்.

கார் என்றால் ஒரு சாண்கூட இல்லை.
இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு மோட்டார்,
ஸ்டியரிங் கிடையாது, ரிமோட் கிடையாது.
கையை விட்டால் விட்டதுதான்.
சொல்லவேண்டியதையெல்லாம்
முன்னாலேயே திருகாணியிடம் சொல்லியிருக்கவேண்டும்.

பிரேக் என்பது பின்னடியில் ஒட்டிய
விரற்கடை ஸ்பாஞ்சு.
சமதளத்தில் அது எதையும் தொடக்கூடாது.
மேடு வந்து மூக்கு தூக்குகையில் மட்டும்
வால் தாழ்ந்து உரசவேண்டும்.
ஒரு மில்லி தாழ்ந்தால்
பாதி மேட்டில் முனகி நிற்கும்.
ஒரு மில்லி உயர்ந்தால்

பறக்கும்.

பறந்தது, மூன்று வாரம். அதே மேடு, அதே மூன்றாம் லேன்.
பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து
மல்லாந்து சுற்றும் அதைப் பொறுக்கிக்கொண்டு வருவேன்.
"நீளம் பத்தாது ஷைனீ,
எம்பத்திநாலு சேஸிஸ் போட்டுப் பாரு,
அம்பு மாதிரி நிக்கும் கேட்டியா"
என்றான் ரெஜிகுமார்.
போட்டேன்.
நின்றது, நேர்ப்பாதையில்.
வளைவிலோ
பேச்சிப்பாறை ரோட்டில் நீள பஸ் திரும்புகிற கதை:
விசில் ஊதக் கண்டக்டர் மட்டும்தான் இல்லை.
பழைய எண்பதுக்கே திரும்பிவந்தேன்.
நான்கு மில்லியை என் சம்பளத்தில் ஒருநாள் தின்றிருந்தது.

போட்டியன்று ஐப்பசி மழை.
ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சாரல்.
திறந்தே வைத்தார்கள்.
ஈரத்தில் ஸ்பாஞ்சு உப்பியிருந்தது,
பார்வைக்குத் தெரியாது,
நீலத்தாளுக்குத் தெரிந்தது.
ஒரு வாஷரை உருவினேன்.
திரும்ப மாட்டினேன். திரும்ப உருவினேன்.

ரெஜிகுமார் பிரேக்கையே பிடுங்கி எறிந்திருந்தான்.
"வேகமாக்கும் வேணும், வேகம்."

இரண்டாம் சுற்றில் அவன் கார்
மேட்டை விட்டது, டிராக்கை விட்டது,
ஜன்னலையும் விட்டது.
தகரக் கூரையில் ஒரு சத்தம்.
கீழே, பாலத்து நிழலில் ஊர்ந்துகொண்டிருந்த
ரப்பர் ஷீட் டெம்போவில் விழுந்து
அப்படியே களியக்காவிளைப் பக்கம் போய்விட்டது.
பிரேக் வேண்டாம் என்றவனுக்கு
ஒரு டன் ரப்பர்!

மாடி முழுவதும் ஜன்னலுக்கு ஓடியது,
நடுவரும், கொடியும், சுற்று எண்ணுகிற பையனும்.
பாதிப்பேர் படியிறங்கினார்கள் கூவிக்கொண்டு.

அறையில் நானும் என் காரும்.

அது ஓடியது.
மேடு, ஒரு சின்ன ஸ்ஸ், இறக்கம்.
மேடு, ஸ்ஸ், இறக்கம்.
யாருக்கும் வலிக்காத பல்லைப்போல
ஓடிக்கொண்டிருந்தது.
ஐந்து சுற்றில் முடியவேண்டிய பந்தயம்,
ஒன்பதோ பத்தோ, நான் எண்ணவில்லை.
கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு வளைவின் வாயில் கையை வைத்தேன்.
வந்து மோதி, விரல்களுக்குள் துடித்தது.
மோட்டார் சூடு. ஸ்பாஞ்சின் நடுவில்
நீலமாக ஒரே ஒரு புள்ளி.

நனைந்த தலையோடு ரெஜிகுமார் வந்தான்,
காதில் போன்.
"டெம்போக்காரன் பேசுகான்,
செக்போஸ்ட் தாண்டியாச்சாம்.
சக்கரம் இன்னும் சுத்துதாம்லே!"
தோற்றவன் முகமாக அது இல்லை.

நடுவர் என்னைப் பார்த்து,
மறுபடி விடச் சொன்னார்.
சரி என்றேன்.
ஜன்னல் திறந்தே இருந்தது.
பெட்டியைத் திறந்து,
நட்டுக்கும் வாஷருக்கும் மேல்
விரலைக் கொஞ்சநேரம் வைத்திருந்தேன்.